குட்டுவனின் நடை

“முகத்தைப் பாக்காதீங்க மேடம். கேமரா தூரத்துல இருக்கு, முகம் தெளிவா விழலை. மத்தபடி ஆள் அவர்தானான்னு மட்டும் பாருங்க,” என்று சொல்லிவிட்டு சப்-இன்ஸ்பெக்டர் தனபால் மேசைமேல் இருந்த கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். திருப்பும்போது வயர் டீ கிளாஸில் மாட்டி, கிளாஸ் ஒரு ஆட்டம் ஆடி விழாமல் நின்றது. முகம் எதற்கு என்று வான்மதி நினைத்தாள். முகம் வேண்டவே வேண்டாம், நாலடி நடந்தால் போதும், நாலடியில் சொல்லிவிடுவேன். சென்னையிலிருந்து காலை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து இதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள், யாரோ அவளிடம் வாதம் பண்ணுகிற மாதிரி. இந்த ஜங்ஷனைத் தாண்டி யார்டு பக்கம் பங்குனி மாதம் ஒரு ஆள் ரயிலில் அடிபட்டுக் கிடந்தார். முகம் பார்க்கிற மாதிரி இல்லை. கேட்டு வர ஆளில்லாமல் போலீஸே அடக்கம் பண்ணிவிட்டது. அவர் போட்டிருந்த அதே கட்டம் போட்ட சட்டையோடு ஒருத்தர் அன்று சாயங்காலம் மூன்றாவது பிளாட்பாரத்தில் நடந்துபோனது கேமராவில் இருக்கிறது. காணாமல் போனவர்கள் பட்டியலில் வயதும் உயரமும் ஒத்துப்போகிற குடும்பங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறார்கள். இவ்வளவையும் தனபால் போனிலேயே சொல்லியிருந்தார். “உங்களுக்கு முன்னாடி ரெண்டு குடும்பம் வந்து பாத்துட்டாங்க. எங்க ஆள் இல்லைன்னு போயிட்டாங்க,” என்றார் இப்போது. அந்த இரண்டு குடும்பமும் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கும், இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே போய் மூச்சு விட்டிருக்கும், ஸ்டேஷன் வாசலில் பழம்கூட வாங்கியிருக்கும். “தம்பி பேரு என்னன்னு சொன்னீங்க?” “செங்குட்டுவன்.” “ராஜா பேரு,” என்றார் அவர், கிண்டல் இல்லாமல், மௌஸை அழுத்திக்கொண்டே.

திரையின் இடது ஓரத்திலிருந்து அந்த ஆள் உள்ளே வந்தார். தாடி. கட்டம் போட்ட சட்டை, முழங்கால் தொளதொளத்த பேண்ட். தரையை விட்டுக் காலைத் தூக்காமல், தேய்த்துத் தேய்த்து, தண்ணீருக்குள் நடப்பவர் போல வந்தார். இல்லை. இவன் இல்லை. மனசு சொன்ன வேகத்தைப் பார்த்து அவளுக்கே பயமாக இருந்தது. நிஜமாகவே தெரிந்து சொன்னதா, இல்லை ரயிலிலேயே முடிவு பண்ணிக்கொண்டு வந்துவிட்டதா? குட்டுவன் நடந்தால் தலை முதலில் வரும். உடம்பு கொஞ்சம் தாமதித்து, தலையை விட்டுவிடக்கூடாது என்பதுபோல் பின்னாலேயே ஓடி வரும். இடது தோள் ஒரு பக்கம் இறங்கும். மூன்று நாலு அடிக்கு ஒரு தடவை குதியும் இல்லாமல் தடுக்கலும் இல்லாமல் ஒன்று வரும், தரையே அவனை லேசாக எத்திவிட்ட மாதிரி. அதை வீட்டில் ‘எத்து’ என்றே சொல்வார்கள். “எத்தாம நடடா,” என்பாள் அம்மா கடைக்கு அனுப்பும்போது, கையில் எண்ணெய்த் தூக்கைக் கொடுத்துவிட்டு. இந்த ஆளிடம் எத்து இல்லை. “இன்னொரு தடவை போடுங்க சார்,” என்றாள். வெளியே அறிவிப்புக் குரல் ஏதோ ஒரு ரயில் தாமதமாக வருவதற்கு மூன்று மொழியில் வருத்தப்பட்டது. தலைக்குமேல் ஃபேன் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கிரீச் என்றது. அந்தக் கிரீச்சுக்கு ஏற்றாற்போல அந்த ஆள் அடி எடுத்து வைப்பதுபோல் இருக்க, அவள் கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தாள்.

நடையைப் பார்க்கிற பைத்தியம் அவளுக்கு ஒன்பது வயதில் பிடித்தது. அதைப் பிடிக்க வைத்தது வாதக் காய்ச்சல். மூட்டெல்லாம் வீங்கி, நெஞ்சில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று டாக்டர் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார். படி இறங்கக்கூடாது, ஓடக்கூடாது, படுத்தே இருக்கணும். சேலத்தில் போக்குவரத்துக் கழகக் குடியிருப்பு, இரண்டாவது மாடி. அப்பா கண்டக்டர், முறை டியூட்டி. அம்மா கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, முதுகுக்குத் தலையணை வைத்து, “தெருவைப் பாத்துக்கிட்டு இரு கண்ணு, பொழுது போயிரும்,” என்றாள். எங்கே போகிறது பொழுது? ஜன்னலுக்குக் கீழே பாதாம் மரம் அடைத்துக்கொண்டிருந்தது. இலைச்சந்தில் ஒரு தலை, ஒரு குடை, ஒரு கூடை, அவ்வளவுதான் தெரியும், கால் தெரியாது. ஊசி போட்டுக்கொண்டு வந்த ஒருநாள் அவள் அழுத அழுகையில் குட்டுவன், ஏழு வயது, சட்டைப் பித்தான் தப்பாகப் போட்டவன், “இரு அக்கா, நான் போய்ப் பாத்துட்டு வந்து காட்டறேன்,” என்று கீழே ஓடினான். திரும்பி வந்து மூச்சு வாங்க அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்து காட்டினான். கோழிக்கடைக்காரர். சொல்லவே வேண்டியிருக்கவில்லை. வயிறு முன்னால், கை இரண்டும் உடம்பைத் தொடாமல், எப்போதும் ஈரமாக இருக்கிற கை. அவன் முடிக்குமுன் அவள் கத்திவிட்டாள். அதற்கப்புறம் அந்த வருஷம் முழுக்க அதுதான். அவன் போவான், யாராவது ஒருத்தர் பின்னால் தெருமுனைவரை நடந்துவிட்டு, அந்த நடை கலையாமல், படியில்கூட அதே நடையில் ஏறிக் கொண்டுவந்து அவள் கட்டிலருகே இறக்குவான். புது டீச்சர், சண்டை போட்டுவிட்டுப் போகிற டிரைவர் சம்சாரம், தபால்காரர், ஒருநாள் ஒரு கர்ப்பிணி நாய். நாயைக்கூட அவன் இரண்டு காலில்தான் நடந்தான், ஆனாலும் அது கர்ப்பிணி நாய்தான். அவன் தூங்கப் போனபின் அவள் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் அதையெல்லாம் வரைவாள், ஒரு அடி, அடுத்த அடி, அதற்கடுத்த அடி. தாளைச் சின்னச் சின்னதாக வெட்டி அடுக்கிக் கட்டைவிரலால் படபடவென்று விட்டால் கோழிக்கடைக்காரர் நடந்தார். முதல் தடவை அவர் நடந்தபோது குட்டுவன் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, “அக்கா, அவரு நம்ம வீட்டுக்கு வந்துட்டாரு,” என்றான். அவள் வாழ்க்கையில் அதற்குமேல் ஒரு பாராட்டும் வரவில்லை. விருதெல்லாம் அப்புறம் வந்தது, மேடை, பூங்கொத்து, சால்வை. எதுவும் அந்தக் கட்டிலருகே வந்து நிற்கவில்லை.

“மேடம், தண்ணி குடிக்கிறீங்களா?” வேண்டாம் என்று தலையசைத்தாள். மூன்றாம் முறையாக அந்த ஆள் இடதிலிருந்து வருகிறார். காலைப் பார்க்காதே, இடுப்பைப் பார். ஸ்டுடியோவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அவள் முதல்நாள் சொல்வது அது. நடை காலில் இல்லை, இடுப்பில் பிறக்கிறது, கால் சும்மா பின்னால் வருகிற சொந்தக்காரன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வார்கள். இடுப்பைப் பார்த்தாள். இறுகியிருந்தது. தலை முன்னால் வருகிறதா? கொஞ்சம் வருகிறது. கூன் விழுந்தவன் எவனுக்கும் அவ்வளவு வரும். தோள் இறங்குகிறதா? கேமரா கோணலாக இருக்கிறது, எல்லார் தோளும் இறங்கித்தான் இருக்கிறது, டீ விற்பவன் தோள்கூட. இவன் இல்லை, குட்டுவன் இப்படி நடக்கமாட்டான், குட்டுவன் எப்படி நடப்பான் என்றால், என்று மனசுக்குள் அவனை நடக்கவிட்டாள். நடந்தது கொக்கு.

கொக்கண்ணன். அவளுடைய கொக்கு. தமிழ்நாட்டில் குழந்தை இருக்கிற வீட்டிலெல்லாம் தெரிந்த கொக்கு. மஞ்சள் மூக்கு, கழுத்தில் சிவப்புத் துண்டு. கல்லூரியில் ஓவியம் படித்து, வடபழனியில் ஒரு சின்ன அனிமேஷன் கம்பெனியில் சேர்ந்து, விளம்பரத்துக்குப் பல் தேய்க்கிற பிரஷ்களை ஆடவிட்டுக் கொண்டிருந்தவளுக்கு முதன்முதலாக ஒரு முழுத் தொடர் கிடைத்தபோது, கொக்கின் மூக்கும் றெக்கையும் நாலு நாளில் வந்துவிட்டது, நடை வரவில்லை. எப்படிப் போட்டாலும் பொம்மை. குட்டுவனைக் கூப்பிட்டாள். அவன் அப்போது சேலத்தில் கச்சேரி மேடைகளில் இடைவேளையில் மிமிக்ரி பண்ணிக்கொண்டிருந்தான். குரல் வராது அவனுக்கு, நடைதான் வரும். நடையை மட்டும் காட்டினால் பின்வரிசைக்குத் தெரியவில்லை என்று விசில் அடிப்பார்கள். பஸ் ஏறி வந்தான், மொட்டை மாடியில் காய்கிற துணிகளுக்கு நடுவே கொக்கு எப்படி நடக்கும் என்று ஏதேதோ பண்ணிக் காட்டினான், எதுவும் சரியில்லை. “போக்கா, டீ குடிச்சிட்டு வரேன்,” என்று படியைப் பார்த்து நடந்தான். அதுதான். தலை முதலில், தோள் இறங்கி, ஒரு எத்து. “நில்லு, அப்படியே நில்லு, திரும்ப நட,” என்று கத்தினாள். “இது என் நடைக்கா.” “இதுதான்டா வேணும்.” சாயங்காலம் வரைக்கும் நடந்தான். தொடர் வந்ததும் பள்ளிக்கூட ஆண்டுவிழாக்களில் பிள்ளைகள் சிவப்புத் துண்டு கட்டிக்கொண்டு அந்த எத்து எத்தினார்கள். அவன் வீட்டில் டிவி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். “அக்கா, என்னைய விட அவன் நல்லா நடக்கறான்.” சிரித்துத்தான் சொன்னான். அதில் வேறொன்றும் இல்லை. அவள் அதை எத்தனையோ இரவு புரட்டிப் பார்த்துவிட்டாள், வேறொன்றும் இல்லை. ஆனாலும் அந்த வாக்கியம் செருப்பில் ஏறிய முள் மாதிரி எங்கே நடந்தாலும் கூடவே வருகிறது. அவனை விட நன்றாக நடந்தது கொக்கு. நன்றாக நடக்கவைத்தது அவள். எத்தைக் கொஞ்சம் கூட்டினாள், தோளைக் கொஞ்சம் இறக்கினாள், குழந்தைகளுக்குத் தெரியவேண்டுமே. வருஷக்கணக்காக அதையே வரைந்தாள், புல்லில், மழையில், பந்தி நடக்கிற மண்டபத்தில். வரைய வரையக் கோடு படிந்தது. இப்போது இந்தப் போலீஸ் ஸ்டேஷனில், தம்பி உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று சொல்லவேண்டிய நேரத்தில், கண்ணை மூடினால் கொக்கு நடக்கிறது. துண்டை எடுத்துவிட்டுப் பார்த்தாள், மூக்கை எடுத்துவிட்டுப் பார்த்தாள். அடியில் யாரும் இல்லை. நிஜத்தில் அவனுக்கு எத்து எத்தனை அடிக்கு ஒரு தரம் வரும்? நாலா, அஞ்சா? அவள் கூட்டியது எவ்வளவு? ரயிலில் எவ்வளவு திமிராக வந்தாள், நாலடி போதும் என்று.

அந்த நடையும்தான் கடைசியில் அவனிடம் இல்லையே. முதலில் தெருவில் யார் போனாலும் பின்னால் போக ஆரம்பித்தான். சின்ன வயதில் தெருமுனைவரை போவான், இப்போது அடுத்த தெரு, அடுத்த ஊர். காட்டுவதற்கு ஆளில்லாமல், இறக்கிவைக்க இடமில்லாமல், ஒருத்தர் நடையோடு சாப்பிட உட்கார்ந்து இன்னொருத்தர் நடையோடு எழுந்தான். கிண்டல் பண்ணுகிறான் என்று கடைவீதியில் யாரோ அடித்துச் சட்டையைக் கிழித்து அனுப்பினார்கள். அப்புறம் காதில் யாரோ பேசுவது. அப்புறம் மாத்திரை. மாத்திரை பேச்சை நிறுத்தியது, கூடவே காலையும் நிறுத்தியது. ஹாலிலிருந்து சமையலறைக்குச் சேற்றில் மிதிப்பவன் மாதிரி தேய்த்துக்கொண்டு வந்து, “அக்கா, என் காலு எங்கிட்ட இல்லக்கா,” என்றான். தேய்த்துக்கொண்டு. அவள் கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தாள். தேய்த்துக்கொண்டுதான் இந்த ஆளும் போகிறார். அப்படியென்றால் இவன்தானா? ஆனால் வீட்டை விட்டுப் போன இந்த ஏழு வருஷமும் மாத்திரை யார் கொடுத்தார்கள்? மாத்திரை இல்லையென்றால் தேய்ப்பு எதற்கு? பசியிலும் தேயும். காய்ச்சலிலும் தேயும். வயதிலும் தேயும், அவளே இப்போது படி ஏறினால் முட்டியைப் பிடித்துக்கொள்கிறாள். ஏழு வருஷத்தில் யாருக்கு அதே நடை இருக்கிறது, காகிதத்தில் வரைந்த கொக்கைத் தவிர. இல்லை என்று சொல்லிவிடலாம். இல்லை என்றால் அவன் எங்கேயோ இருக்கிறான். ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு கோயில் வாசலில், யாரோ ஒரு அம்மா பின்னால் கூடையைத் தலையில் வைத்த மாதிரி நடந்துகொண்டிருக்கிறான். ஆமாம் என்றால் இந்த ஊரில் மண்ணுக்குள் இருக்கிறான். எதை வைத்து ஆமாம் என்பது? எதை வைத்து இல்லை என்பது? அந்த இரண்டு குடும்பமும் எதை வைத்துச் சொன்னது?

“தெரியலை சார். இல்லைன்னுதான் நினைக்கிறேன்,” என்றாள். தன் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் இருந்தது. தனபால் தலையாட்டினார். அவருக்கு இது பழகிய பதில். “அவசரமில்ல மேடம். இன்னும் கொஞ்சம் இருக்கு, வேற கேமராவுல. சும்மா அந்த ஆளு யாரோ பின்னாடி போயிட்டுத் திரும்பி வர்றாரு, அவ்வளவுதான். மத்தவங்களுக்கு நான் அதைப் போடலை. வேணும்னா பாருங்க.” யாரோ பின்னாடி. அவர் அடுத்ததைத் தேடி எடுக்கிற வரைக்கும் அவள் நாற்காலியின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இது இன்னும் கொஞ்சம் கிட்டத்துப் படம். பிளாட்பாரத்தின் நடுத்தூண், அதையொட்டி சிமெண்ட் பெஞ்சு, பெஞ்சு பக்கத்தில் அந்த ஆள் நிற்கிறார். வெள்ளை வேட்டியில் ஒரு கனத்த மனிதர், காதில் போனை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் வேட்டி முனையை இரண்டு விரலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிளாட்பாரமே தன் வீட்டுக் கூடம் என்பதுபோல் கடந்து போகிறார். இந்த ஆள் பார்க்கிறார். தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்க்கிறார். பிறகு பெஞ்சை விட்டு விலகி அவர் பின்னால் போகிறார். வான்மதி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எலும்பும் தோலுமான அந்த உடம்பில் ஒரு தொந்தி வந்திருந்தது. இல்லாத தொந்தி. அதைத் தாங்குவதற்கு முதுகு பின்னால் சாய்ந்திருந்தது, இல்லாத வேட்டியின் முனை இரண்டு விரலில் ஏறியிருந்தது, காதருகே இல்லாத போன், முகவாய் அதிகாரத்தில் தூக்கி, ஒவ்வொரு அடியும் தரைக்கு உத்தரவு போட்டபடி. தேய்ப்பே இல்லை. ஏழெட்டு அடி. முன்னால் போகிறவருக்குத் தெரியாது. தூண் மறைவில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அதற்காகத்தான் நடந்திருக்கிறான். அதற்காக, அந்தப் பெண்ணுக்கு, காட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டதே என்று. பிறகு தொந்தி கரைந்துபோக, கை கீழே விழ, திரும்பி பெஞ்சுப் பக்கமே வந்தான்.

வான்மதி சிரித்துவிட்டாள். வாய்விட்டு, ஒன்பது வயதில் கட்டிலில் சிரித்த மாதிரி, போலீஸ் ஸ்டேஷன் என்று பார்க்காமல். தனபால் திடுக்கிட்டு அவளைப் பார்த்தார், வாசலில் இருந்த கான்ஸ்டபிள் எட்டிப் பார்த்தார். “அந்த வேட்டிக்காரரு, சார், பாருங்க, அப்படியே அந்த வேட்டிக்காரரு,” என்றாள். திரையை விரலால் தொட்டாள். அந்தச் சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியவில்லை. கான்ஸ்டபிள் வந்து தோளில் கைவைக்கலாமா வேண்டாமா என்று நின்றுவிட்டுத் தண்ணீர் பாட்டிலை மேசையில் வைத்துப் போனார். எவ்வளவு நேரமோ. ஒரு கூட்ஸ் வண்டி சுவரை அதிர வைத்துக்கொண்டு போய் முடிந்தது. “என் தம்பிதான் சார்,” என்றாள். தனபால் மெதுவாக, “நல்லா யோசிச்சிச் சொல்லுங்க மேடம், இப்பத்தான் இல்லைன்னீங்க,” என்றார். “என் தம்பிதான். வேற யாருக்கும் இது வராது.” அவர் அவளை ஒருகணம் பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்தார். ரத்தப் பரிசோதனை ஒன்று முறைக்குப் பண்ணவேண்டும் என்றார், சாம்பிள் எடுத்து வைத்திருக்கிறோம் என்றார், அடக்கம் பண்ணின இடத்தை நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்றார், கல்லு நட்டு நம்பர் போட்டிருக்கு, மழைக்கு முன்னால் பார்த்துவிடலாம் என்றார். எல்லாவற்றுக்கும் சரி என்றாள். சொன்னவர் நல்ல மனுஷன் என்று தோன்றியது. இவ்வளவு நாள் உயிரோடு வைத்திருந்த ஒருத்தனைத் தன் வாயாலேயே முடித்துவிட்டோம் என்றும் தோன்றியது. அவனைக் காட்டிக்கொடுத்தது அவனுடைய சந்தோஷம். தேய்த்துக்கொண்டே போயிருந்தால் இல்லை என்று சொல்லிவிட்டு ரயில் ஏறியிருப்பாள்.

அம்மாவுக்குப் போன் பண்ணவேண்டும். வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த பைக்குகளுக்கு நடுவே நின்றுகொண்டாள். அம்மா முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டாள். மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். “சொல்லு கண்ணு.” எப்படிச் சொல்வது என்று ரயிலில் யோசிக்கவே இல்லை. இல்லம்மா, வேற யாரோ என்று சொல்வதற்குத்தான் தயாராகி வந்திருந்தாள். “அம்மா... நம்ம குட்டுவன்தாம்மா.” அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் விட்டது, அம்மா அதை அணைக்கப் போகவில்லை, இன்னொரு விசில் விட்டது. “அம்மா?” “இருக்கேன்.” “அம்மா, பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடு, நான் ராத்திரிக்குள்ள வந்துர்றேன்.” அம்மா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. வேறெங்கோ இருந்து, ரொம்பச் சாதாரணமாக, கடைக்குப் போய்வந்தவனைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டாள். “கால்ல செருப்பு இருந்துச்சா கண்ணு?” வான்மதிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவன் போன அன்று காலை அவனுடைய செருப்பு வாசலிலேயே கிடந்தது. போட்டோ, துணிமணி, பணம் என்று எதை எடுத்துப் போனான், எதை விட்டுப் போனான் என்று மற்றவர்கள் தேடிக்கொண்டிருந்தபோது அம்மா அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், சித்திரை மாதம், ரோட்டுத் தார் கொதிக்கிற வெயில். ஏழு வருஷமும் அம்மா நினைத்துக்கொண்டிருந்தது அதுதானா, அவன் வெறுங்காலையா? செருப்பு இருந்ததா? வான்மதி யோசித்தாள். தலையைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள், இடுப்பைப் பார்த்தாள். பாதத்தைப் பார்க்கவே இல்லை. “இருந்துச்சும்மா,” என்றாள். “நெசமாவா?” “நெசமாம்மா. நல்ல செருப்பு.” “அப்ப சரி,” என்றாள் அம்மா. அதற்கப்புறம்தான் அழ ஆரம்பித்தாள். அம்மாவின் போன் எங்கேயோ கீழே விழுந்தது, அது தரையில் கிடந்தபடியே அந்த அழுகையைச் சின்னதாக்கி அனுப்பிக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டு அக்காவின் குரல் வந்து சேரும்வரை வான்மதி தன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

உள்ளே வந்தபோது தனபால் கம்ப்யூட்டரை அணைக்கப் போய்க்கொண்டிருந்தார். “சார், ஒரே ஒரு தடவை,” என்றாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. முதலில் அந்தக் கிட்டத்துப் படத்தைப் போட்டார். அவள் இடுப்பை விட்டுவிட்டு, தலையை விட்டுவிட்டு, தரையை மட்டும் பார்த்தாள். பெஞ்சுப் பக்கத்தில் நிற்கிறான். வேட்டிக்காரர் கடக்கிறார். பின்னால் போவதற்கு முன் ஒரு சின்ன நிறுத்தம், அதை அவள் முன்பு கவனிக்கவில்லை. ஒரு காலை எடுத்து வெளியே வைக்கிறான், அடுத்த காலை எடுத்து வெளியே வைக்கிறான். வெறுங்காலோடு தொந்தியைத் தூக்கிக்கொண்டு போகிறான். பெஞ்சடியில் இரண்டு செருப்பு அவன் விட்ட இடத்தில் கிடக்கிறது, ஒன்று நீலம், மற்றது ஏதோ கறுப்பு, ஒன்றுக்கொன்று ஜோடியில்லை, நீலம் எவ்வளவோ பெரிசு. யாரோ குப்பையில் போட்டதை எடுத்திருப்பான், ஒவ்வொன்றை ஒவ்வொரு ஊரில். திரும்பி வருகிறான். செருப்புக்காகத்தான் திரும்பி வருகிறான். குனிந்து நீலத்தை நேராக்கிக் கால் நுழைக்கிறான், கறுப்பிலும் நுழைக்கிறான். “முதல் படத்தையும் போடுங்க சார்.” இடதிலிருந்து வந்தான், தேய்த்துத் தேய்த்து. இப்போது தெரிந்தது. பெரிய செருப்புக் கழன்று போய்விடாமல் விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்கினால் விழுந்துவிடும் என்று தூக்காமல், பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போகிறான். மாத்திரை இல்லை, சேறு இல்லை. கால் அவனிடம்தான் இருக்கிறது. விரல் முதற்கொண்டு அவனிடம்தான் இருக்கிறது. அப்புறம் திரையின் வலது ஓரத்துக்குப் போய்ச் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால், செருப்பையும் மீறி, தலை லேசாக முன்னால் போய், தரை அவனை ஒரு தடவை எத்திவிட்டது. ரொம்பச் சின்னது. அவள் வரைந்ததில் பாதிகூட இல்லை. தனபால் மௌஸில் கையை வைத்துக்கொண்டு, “போதுமா மேடம், நிறுத்தட்டுமா?” என்று கேட்டார்.

“வேண்டாம் சார்,” என்றாள் வான்மதி. “இன்னும் கொஞ்சம் நடக்கட்டும்.”